ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

டிக்கெட் எண் இருநூற்றுப் பதினான்கு.
புகார் தந்தவர் லூர்துமேரி, தாம்வே, ரங்கூன்.
ஒரே வரி:
“உங்க ஆப்பு எனக்கு ஆப்பு வைக்குது.”

கரண்ட் வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் செயலி எங்களுடையது.
இந்த நகரத்தில் மின்சாரம் முறை வைத்து வரும்.
பகலில் வந்தால் தெருவே கூவும், மீ லா ப்யீ என்று,
மாடிக்கு மாடி, பால்கனிக்குப் பால்கனி.
நடுராத்திரி ஒரு மணிக்கு வந்தால்
கூவ ஆளில்லை.
அதற்குத்தான் நாங்கள்.

வழக்கமான வைத்தியமெல்லாம் எழுதி அனுப்பினேன்.
கேஷைத் துடையுங்கள்.
அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.
பேட்டரி சேமிப்பில் எங்களுக்கு விலக்குக் கொடுங்கள்,
சில போன்கள் பின்னணியில் ஓடுவதையெல்லாம்
கழுத்தைத் திருகிவிடும்.
எல்லாம் செய்தாச்சு, அப்படியும் அரைமணி பிந்துது என்று பதில்.
தினமும், பிசகாத அரைமணி.

அதுதான் உறுத்தியது.
நொண்டும் நெட்வொர்க் கன்னாபின்னாவென்று பிந்தும்.
இப்படிக் கணக்குப் பார்த்துப் பிந்தாது.

மேசையில் இருந்த நான்கு போன்களிலும் பிழை இல்லை.
“எங்கிட்ட நல்லாத்தானே ஓடுது” என்றான் ஜின் மின் ஊ.
அந்த வாக்கியத்தைச் சட்டையில் அச்சடித்து விற்கலாம்,
எங்கள் தொழிலில் எல்லோரும் வாங்குவார்கள்.

கேபிளும் மடிக்கணினியுமாகக் கிளம்பினேன்.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் என்ற பேச்சே இல்லை.
உள்ளே அண்டா அண்டாவாக ஊறும் அரிசி,
ஈரத்துணி போர்த்திய கிரைண்டர்,
அண்ணன் பினாங்கிலிருந்து கொடுத்துவிட்ட பழைய போன்,
கண்ணாடி போன மூலையில் செலோடேப்.
“ஒன்றரைக்கு எழுந்தா ஒரு ஈடு போச்சு தங்கச்சி.
காலையில நாற்பது வீட்டுக்கு
மாவு இல்லன்னு நான்தான் சொல்லணும்.”

லாக்கைத் திறந்து இரண்டு மணி நேரம் வரி வரியாய் மேய்ந்தேன்.
கடைசியில்தான் கேட்கத் தோன்றியது:
முதல் நாள் இது உங்களிடம் என்ன கேட்டது?

“நேரம் கேட்டுச்சு.
ஆறு இருந்துச்சு, அதுக்குக் கீழ ஏழு.
நடுவுல ஒண்ணுமில்ல.
ஏழைத் தொட்டேன்.”

பர்மாவின் நேரம் ஆறரை.
உலகக் கடிகாரத்துக்கு ஆறரை மணி முன்னால்.
புதுப் போன்கள் அதைத் தாமே சொல்லிவிடும்.
சொல்லத் தெரியாத போனுக்கு மட்டும்
செயலி ஒரு பட்டியலை நீட்டும்.
பட்டியலை எழுதியது யார் என்று தேடினேன்.
செங்கமலம். மூன்று வருடம் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை,
எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, எல்லாம் முழு எண்.

அரைக்காலுக்கும் மாகாணிக்கும் முந்திரிக்கும் கூடப்
பெயர் வைத்த பாஷையில் கணக்குப் படித்தவள் நான்.
பிறந்ததிலிருந்து ஆறரையில் குடியிருக்கிறேன்.

திருத்தம் ஒரே வரி.
ஏற்றம் பதினொரு சதவிகிதத்தில் செத்தது,
வி.பி.என் மாற்றினேன், மறுபடி பதினொன்றில்.
கேபிளைச் செருகி அவர் போனில் மட்டும் நேராக இறக்கினேன்.
அதற்குள் ஊரடங்கு தொடங்கிவிட்டது.
அரிசி மூட்டை ஓரமாகப் பாய் போட்டுக் கொடுத்தார்.

போன் அலறியது. மணி ஒன்று, ஒரு நொடி கூடப் பிசகில்லை.
லூர்துமேரி எழுந்து சுவிட்சைத் தட்டினார்.
இருட்டு.
இரண்டு பேரும் கிரைண்டர் இருக்கும் திசையைப்
பார்த்துக்கொண்டு நின்றோம்.
“நேரம் சரிதான்” என்றேன்.
“கரண்டுக்கு யார்கிட்ட எழுதிப் போடணும்?” என்றார்.

ஒன்று பதினேழுக்குக் கல் உருண்டது.

மடிக்கணினியில் ஒன்பது சதவிகிதம் மிச்சம்.
டிக்கெட்டை மூடப் போனால்
காரணம் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னது.
நான் என்று எழுதினேன்.
அழித்துவிட்டு,
கீழிறங்கு பட்டியல் என்று எழுதினேன்.